தயிர்க்காரியின் மூச்சு

கனகவல்லியின் தமிழ்க் குரல் இருந்த மூல நாடாக்களின் மேல் வேறு எதையோ பதிவு செய்து அழித்தார்கள். பிறகு, மிச்சமிருந்த நகலை இன்னொரு முறை நசுக்கிக் கைபேசி விளையாட்டாக விற்றார்கள். இரண்டும் தவறு. தெரியாமல் நடந்துவிட்டது என்று யாரும் எனக்குச் சமாதானம் சொல்ல வேண்டாம். முதலாவது சிக்கனத்தால் நடந்தது, இரண்டாவது சோம்பலால் நடந்தது. அஞ்சலிக் கட்டுரையை இப்படித் தொடங்குவது வழக்கமில்லை என்று நம் தமிழ்ச் சங்க மலரின் ஆசிரியர் குழு நினைக்கும். ஒரு வரியையும் மாற்றுவதில்லை என்று வாக்குக் கொடுத்த பிறகுதான் எழுத ஒப்புக்கொண்டேன்.

அவர் என்று எழுதிப் பார்த்தேன். யாரோ ஒரு அதிகாரியைப் பற்றி எழுதுவதுபோல் இருந்தது. என்னைவிடப் பல வயது இளையவள், என்னை அண்ணே என்று கூப்பிட்டவள். அவள் என்றே எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் எனக்குப் போன் செய்வாள். ஒரே மராத்தி நகரத்தில் நான் நிக்டியில், அவள் கட்கியில். நடுவில் பெரிய தூரம் ஒன்றுமில்லை, ஆனாலும் இருவரும் போய்ப் பார்ப்பது வருடத்துக்கு ஓரிரு முறைதான். போனை எடுத்ததும், "இன்னாண்ணே, சாப்டாச்சா? இந்த வாரம் யார் கூட சண்ட போட்டீங்க?" என்பாள். நான் சொல்வேன். தண்ணீர் விடுபவனிடம், சொசைட்டிச் செயலாளரிடம், வங்கியில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம். "சரி, இப்ப எங்கூடப் போடுங்க" என்பாள். என் மனைவி போய்ச் சேர்ந்த பிறகு வாரத்தில் நான் தமிழ் பேசியது அந்த அரை மணி நேரம்தான்.

கடந்த மாதம் ஒரு ஞாயிறு போன் வரவில்லை. நானாகச் செய்வதில்லை என்பது என் பழக்கம், அதை மாற்றிக்கொள்ளவில்லை. புதன்கிழமை மத்தியானம் அவள் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. "என்ன, ஞாயிற்றுக்கிழமை இப்ப புதன்கிழமைல வருதா?" என்று கேட்டபடியேதான் எடுத்தேன்.

"அங்கிள்... நான் ரேவதி. அம்மா... அம்மா நஹீ ரஹீ, அங்கிள்... அம்மா இல்ல. சனிக்கிழமை. ஹார்ட். உங்க நம்பர் அம்மா போன்ல 'அண்ணே'னு மட்டும் இருந்திச்சு. யாருன்னு எனக்கு... சாரி, லேட் ஆயிடிச்சு."

ஈமக் காரியம் எல்லாம் முடிந்துவிட்டிருந்தது. கட்கியில் அவளை அறிந்த பலரும் போயிருக்கிறார்கள். என்னிடம் சொல்ல வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அதையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

உங்களில் பலருக்கு அவளைப் பள்ளிக்கூட இந்தி டீச்சராகத் தெரியும். படைக்கலத் தொழிற்சாலையில் வேலை பார்த்த வேலூர்க்காரரின் மகள், கணவர் சாகணில் கார் தொழிற்சாலையில் இருந்தார், பொங்கல் விழாவில் ஒலிபெருக்கியைப் பிடித்தால் விடமாட்டாள். அவ்வளவுதான் தெரியும். அவள் குரல் ஒரு விளையாட்டுக்குள் இருப்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று எனக்குச் சந்தேகம்.

தொண்ணூறுகளின் கடைசியில் கர்வே சாலையில், ஒரு பேக்கரிக்கு மேலே இரண்டாம் மாடியில், கணினி விளையாட்டு செய்யும் கம்பெனி ஒன்று இருந்தது. நான் அங்கே ஒலி வேலை பார்த்தேன். எந்தக் கல்லூரியும் எனக்கு ஒலியைச் சொல்லித் தரவில்லை. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்து பிம்ப்ரியில் ஆம்ப்ளிஃபயர் பழுது பார்த்து, கல்யாணங்களுக்கு மைக் கட்டி, நாடாவைக் கத்தரித்து ஒட்டக் கற்றவன். இங்கே நாடாவில் பதிவு செய்ததைக் கணினியில் ஏற்றி வெட்டுவதும் கத்தரி போடுவதுதான், கத்தரி மட்டும் கண்ணுக்குத் தெரியாது. பிளேடால் வெட்டிய காலத்திலிருந்து எனக்கு ஒரு வழக்கம்: வெட்டியதை எறிய மாட்டேன். அப்போது துண்டு நாடாக்களைச் சுவர் ஆணியில் தொங்கவிடுவேன். கணினி வந்த பிறகு ஒரு கோப்புறைக்குக் 'குப்பை' என்று பெயரிட்டு அதில் போட்டுவைத்தேன்.

அவளைக் குரல் பரிசோதனைக்கு அழைத்திருந்தார்கள். மராத்தி, இந்தி, தமிழ் மூன்றையும் அந்தந்த வீட்டுப் பெண் பேசுவதுபோலப் பேசினாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் இருந்தேன். தமிழில் பேச வேண்டிய முறை வந்ததும் தாளைக் கீழே வைத்துவிட்டு, "அண்ணே, இத எழுதினது யாரு?" என்று கேட்டாள்.

"ஏன்?"

"தயிர் விக்கிறவ 'தாங்கள் எத்திசை நோக்கிச் செல்கிறீர்கள்'னா கேப்பா? தயிர் வாங்க வந்தவன் ஓடிப்பூடுவான்."

எழுதியவன் நான்தான். சொல்லவில்லை. அவளாகவே வசனத்தைப் பேச்சுத் தமிழுக்கு மாற்றிக்கொண்டாள். நானும் மறுக்கவில்லை.

விளையாட்டு இதுதான். ஆடுபவர் ஒரு பழைய கோட்டைக்குள் வழி தேட வேண்டும். நம் ஊர்க் கோட்டைகளில் ஏறியவர்களுக்குத் தெரியும், மேலே சின்னச் சின்ன மண் சட்டிகளில் தயிர் வைத்துக்கொண்டு பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். அப்படி ஒருத்திதான் இதில் வழி சொல்பவள். எழுத்தில் எதுவும் வராது. அவள் சொல்வதைக் காதால் கேட்டுத்தான் போக வேண்டும். 'மேற்கு வாசல்', 'செங்குத்தான படி', 'சுனைக்கு இடப்பக்கம்' என்று துண்டு துண்டாகப் பதிவு செய்து, ஆடுபவர் நிற்கும் இடத்துக்கு ஏற்பக் கணினி அவற்றைக் கோத்துப் பேசவைக்கும். சொல் புரியவில்லை என்றால் கோட்டைக்குள்ளேயே சுற்ற வேண்டியதுதான்.

நான்கு மொழிகள், ஒரே ஒரு குறுந்தகடு. படங்கள் போக மீதி இடத்தில் நான்கு மொழிப் பேச்சும் அடங்க வேண்டும். பதிவு செய்தபடியே போட்டால் ஒரு மொழிக்கே இடம் போதாது. எந்த வடிவத்தில் சுருக்குவது என்பதுதான் கேள்வி.

எம்பி3 என்றார்கள் முதலில். நான் கூடாது என்றேன். அதற்கு உரிமம் வாங்க வேண்டும், அந்தக் காலக் கணினிகள் அதை அவிழ்ப்பதிலேயே திணறும் என்பதெல்லாம் ஒரு பக்கம். எங்கள் கையில் இருந்த கருவி ஒவ்வொரு துண்டின் தலையிலும் வாலிலும் ஒரு சிறு மௌனத்தை ஒட்டிவிடும். தனிப்பாட்டுக்கு அது தெரியாது. துண்டுகளைக் கோத்துப் பேசும்போது, படியிறங்குகையில் ஒரு படி இல்லாததுபோல் இருக்கும்.

நான் கேட்டது வேறொன்று. ஏடிபிசிஎம் என்று பெயர். நாங்கள் 'நாலில் ஒன்று' என்போம், ஏறக்குறைய அவ்வளவுக்குத்தான் சுருங்கும். ஒலியின் ஒவ்வொரு துளியையும் முழுதாக எழுதாமல், முந்தைய துளியிலிருந்து எவ்வளவு மாறியது என்பதை மட்டும் குறித்துவைக்கும். அடியில் மெல்லிய மணல் சத்தம் வரும், ஆனால் சொல் சொல்லாகவே இருக்கும். மூன்றாவதாக, தொலைபேசிக்கென்று செய்த ஒரு வடிவம். மனிதத் தொண்டை எப்படிப் பேசும் என்று ஒரு கணக்கை வைத்துக்கொண்டு, கேட்ட குரலை அந்தக் கணக்குக்குள் அடைக்கும். அடங்காதது போய்விடும். இடம் மிகக் குறைவாகப் பிடிக்கும்.

நிகில் என்ற பையன் தலைமை நிரலாளன். கெட்டிக்காரன்தான். அவன் ஒரு தீர்வு கொண்டுவந்தான். ஆங்கிலம், இந்தி, மராத்தி மூன்றும் நாலில் ஒன்று வடிவத்தில். தமிழ் தொலைபேசி வடிவத்தில்.

"ஏன் தமிழுக்கு மட்டும்?" என்றேன்.

"அங்கிள், டமில் கித்னே லோக் கேலேங்கே?" என்றான். தமிழில் எத்தனை பேர் விளையாடப் போகிறார்கள் என்று. மரியாதையாகத்தான் கேட்டான். நாங்கள் சாஹேப் என்று கூப்பிடும் முதலாளி இரண்டையும் ஒருமுறை கேட்டுவிட்டு, "சலேகா" என்று எழுந்துவிட்டார். போதும் என்று அர்த்தம்.

நான் கத்தினேன். கத்துவது எனக்குப் பழக்கம் என்பதால் யாரும் பொருட்படுத்தவில்லை. கனகவல்லி கத்தவில்லை. இரண்டு வடிவத்தையும் ஒரு கேசட்டில் போட்டுத் தரச் சொல்லி வீட்டுக்கு எடுத்துப் போனாள்.

மறுநாள் சாயங்காலம் என்னைக் கட்கிக்கு வரச் சொன்னாள். வரிசை வீடுகளின் பொது வராந்தாவில் பக்கத்து வீட்டுப் பெண்கள் அப்பளம் இட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்கும் தமிழ் தெரியாது. டேப்ரிக்கார்டரை நடுவில் வைத்து, ஒரு வாக்கியத்தை ஓடவிட்டு நிறுத்தி, அப்படியே திருப்பிச் சொல்லும்படி கேட்டாள். எந்த வடிவம் எது என்று அவர்களிடம் சொல்லவில்லை. எனக்கு இது பைத்தியக்காரத்தனமாகப் பட்டது.

"தமிழ் தெரியாதவங்கள வெச்சுத் தமிழச் சோதிக்கிறியா?"

"தெரிஞ்சவன் காது பொய் சொல்லும்ணே. காதுல வுழாதத மனசு நெரப்பிக்கினு 'கேட்டுச்சு'ன்னும். நீங்க, நான், நம்ம சங்கத்து ஆளுங்க யாரக் கேட்டாலும் ரெண்டும் நல்லாத்தான் கீதுன்னுவாங்க. இவங்களுக்கு நெரப்ப ஒண்ணுமில்ல. வந்தது மட்டும்தான் வாயில வரும்."

"இவங்களுக்கு ழகரம் வராதே."

"ரெண்டுலயும்தான வராது? எதுல கம்மியா வருதுன்னு பாருங்க. வக்கீல் மாதிரி பேசாதீங்க."

எல்லோரும் ஷிந்தே வஹினி, அதாவது ஷிந்தே அண்ணி, என்று கூப்பிடும் ஒரு அம்மாள், கை மாவோடு முன்னால் வந்து உட்கார்ந்தார். நாலில் ஒன்று வடிவத்தில் ஓடவிட்டபோது, கரடுமுரடாக இருந்தாலும் நான் கேட்டால் புரியும்படி திருப்பிச் சொன்னார். தொலைபேசி வடிவத்தில் ஓடவிட்டதும் முகத்தைச் சுளித்தார். வார்த்தையின் ஓரங்கள் எல்லாம் கரைந்து ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. "தோண்டாத் சபாத்தி ஆஹே கா ஹிச்யா?" என்றார். வாயில் சப்பாத்தியை வைத்துக்கொண்டா பேசுகிறாள் என்று. பெண்கள் சிரித்த சிரிப்பில் அப்பளம் பறந்தது. பேசியவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள் என்பது அவர்களுக்குத் தெரியாது.

அத்தோடு விடவில்லை. அடுத்த வாரக் கூட்டத்துக்கு ஷிந்தே வஹினியையே பட்டுப்புடவையோடு அலுவலகத்துக்கு அழைத்து வந்துவிட்டாள். சாஹேப் எதிரே உட்காரவைத்து அதே சோதனை. வஹினி ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னார். நாலில் ஒன்று வடிவத்தில் அவர் சொன்னதை நான் அப்படியே இந்தியில் பெயர்த்துச் சொன்னேன்: மேற்கு வாசல் வழியாகப் போ, செங்குத்தான படி, பார்த்து இறங்கு. தொலைபேசி வடிவத்தில் அவர் சொன்னதைப் பெயர்க்கச் சொன்னபோது, "ஒன்றும் இல்லை" என்றேன். வேண்டுமென்றே சொல்லவில்லை. நிஜமாகவே ஒன்றுமில்லை.

சாஹேப் வஹினியிடம் மராத்தியில் கேட்டார், "உங்களுக்குத் தமிழ் தெரியாதே, இதில் உங்களுக்கு என்ன அக்கறை?"

வஹினி சொன்னார், "எனக்கு டீ தருவதாகச் சொன்னாள். இன்னும் வரவில்லை."

டீ வந்தது. தமிழுக்கு நாலில் ஒன்று வடிவமும் வந்தது. ஆனால் ஒரு நிபந்தனை: இடம் அதிகமாகக் கேட்கக் கூடாது, எப்படியாவது அடக்கு. அது என் தலையில் விழுந்தது.

காற்று, குருவி, கோட்டைச் சத்தம் எல்லாம் அதுவரை ஒவ்வொரு மொழிப் பேச்சோடும் கலந்தே இருந்தன. அவற்றைப் பிரித்து நான்கு மொழிக்கும் பொதுவாக ஒன்றாக்கினேன். நிறைய இடம் கிடைத்தது. போதவில்லை. நொடிக்கு எத்தனை துளி என்பதைக் குறைத்தால் அடங்கும், ஆனால் சகரமும் தகரமும் மங்கும். முடியாது என்றேன். மிச்சம் இருந்தது ஒரே வழி. தமிழில் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் அவள் இழுக்கும் மூச்சு, வாக்கியத்துக்கு நடுவில் விடும் மூச்சு, எல்லாவற்றையும் வெட்டினேன். மற்ற மொழிகளில் கை வைக்க எனக்கு அனுமதி இல்லை.

கேட்டுவிட்டு அவள் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"இன்னாண்ணே இது? பொணம் பேசற மாதிரி கீது."

"சொல் எல்லாம் தெளிவா இருக்கு."

"சொல் இருக்குது, சொல்றவ எங்க? அவ நாள் பூரா வெயில்ல குந்திக்கினு கீறவ. மூச்சு வாங்கத்தான செய்வா? கொஞ்சம் மங்கலா இருந்தா இருக்கட்டும், மூச்ச வுடுங்க."

"வழி தெரியலன்னா ஆடுறவனுக்கு விளையாட்டே இல்ல. மூச்சு கேட்டு அவன் என்ன பண்ணப் போறான்?"

"நீங்க ஒரு தடவையாச்சும் தப்புன்னு ஒத்துக்கினு இருக்கீங்களா?"

"தப்புப் பண்ணும்போது ஒத்துக்கறேன்."

அவள் எழுந்து போய்விட்டாள். அன்று நான் எடுத்த முடிவு சரி என்றே இன்றும் சொல்வேன். இருந்த இடத்துக்கு அதுதான் வழி.

சில நாள் பேச்சில்லை. பிறகு ஒருநாள் வந்து, கடைசிக் காட்சியை மட்டும் மறுபடியும் பதிவு செய்ய வேண்டும் என்றாள். அந்தக் காட்சியில் பொழுது சாயும், தயிர்க்காரி கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு கீழே இறங்கிப் போவாள். ஆடுபவரிடம் அவள் கேட்பது ஒன்றுதான்: "கொஞ்சம் கை குடு கண்ணு, கூடையத் தூக்கி வை." நான் மைக்கைத் திறந்தேன். அவள் பேசினாள். வெட்ட உட்கார்ந்தபோதுதான் அவள் செய்திருப்பது புரிந்தது. மூச்சைச் சொல்லுக்கு முன்னால் விடாமல் சொல்லுக்குள்ளேயே வைத்திருந்தாள். 'கொஞ்சம்' என்பதன் பாதி காற்று. 'தூக்கி' என்பது எழும்போதே இடுப்பு வலிக்கிறது. எங்கே கத்தரி வைத்தாலும் சொல் அறுபடும். வடிவத்துக்கும் அதைப் பிரிக்கத் தெரியாது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை கட்டி நின்றுகொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வெட்டுங்களேன் பாப்போம்" என்றாள்.

வெட்டவில்லை. அப்படியே போனது.

விளையாட்டு வந்தது. இந்தியில் ஓரளவு விற்றது. தமிழில் எத்தனை பேர் ஆடினார்கள் என்று எனக்குத் தெரியாது. நிகில் கேட்டபோதும் தெரியாது, இப்போதும் தெரியாது. அவள் மகள் ரேவதி, அப்போது பள்ளியில் படித்தவள், வீட்டில் அதை ஆடினாள். இந்தியில்தான் ஆடினாள். "தமிழ்ல போடுடின்னா 'மம்மி, ஸ்லோவா இருக்கு'ன்றா" என்று கனகவல்லி சிரித்தபடிதான் என்னிடம் சொன்னாள். அவள் சிரித்துக்கொண்டு சொன்னவற்றையெல்லாம் நான் நம்பியதில்லை.

நான் வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்த பிறகு கம்பெனி மகர்பட்டாவுக்குப் போனது. பெரிய கட்டடம், வாசலில் செயற்கை நீரூற்று. சில வருடங்கள் கழித்து அந்த விளையாட்டைக் கைபேசிக்கு ஏற்றபடி செய்து விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டு நானே ஒன்று வாங்கினேன். அவள் ஒரு விடுமுறை நாளில் நிக்டிக்கு வந்தாள். மேசையில் கைபேசியை வைத்துத் தமிழில் ஓடவிட்டேன்.

குறுந்தகட்டில் ஏற்கெனவே நாலில் ஒன்றாய்ச் சுருங்கியிருந்த குரலை எடுத்து, அதன்மேல் தொலைபேசி வடிவத்தைப் போட்டிருந்தார்கள். மணல் சத்தத்தையும் குரல் என்று நினைத்து அந்தக் கணக்கு அதையும் பேசவைக்கப் பார்த்திருந்தது. பேச்சுக்கு நடுவில் எங்கெல்லாம் குரல் தணிகிறதோ அங்கெல்லாம் மௌனம் என்று முடிவு செய்து மூடிவிட்டிருந்தது. கடைசிக் காட்சி வந்தது. 'கொஞ்சம்' என்பதில் பாதி இல்லை.

அவள் குனிந்து கேட்டாள். "நல்லாத்தான் பேசறா. யாருண்ணே இவ?" என்றாள்.

நான் சிரிக்கவில்லை. அவளும் பிறகு சிரிக்கவில்லை. காபி ஆறிப்போனது. பஸ் நிறுத்தம் வரை கூடவே நடந்தேன். "மூல நாடா இருக்குமில்ல?" என்று ஒரே ஒரு முறை கேட்டாள். இருக்கும், நான் வாங்கித் தருகிறேன் என்றேன்.

மகர்பட்டாவுக்குப் போனேன். என்னை உள்ளே விடவில்லை. நிகில் கீழே இறங்கி வந்தான். தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. என் காலைத் தொட்டான். இடம் மாறிய சமயத்தில் நாடா தட்டுப்பாடு என்றான். மற்ற மூன்று மொழி நாடாக்களும் பத்திரமாக இருக்கின்றன. தமிழ் நாடாக்களின் மேல் யாரோ ஒரு வாடிக்கையாளரின் தொலைபேசிக்குக் காத்திருப்பு இசை பதிவு செய்துவிட்டார்கள். அழைத்தவர்கள் இணைப்பு கிடைக்கும்வரை கேட்டுக்கொண்டிருக்கும் இசை. "சாரி அங்கிள், கிஸி நே பூச்சா நஹீ" என்றான். யாரும் கேட்கவில்லையாம். யாரைக் கேட்டிருக்க வேண்டும் என்று நான் சொன்னேன். நீரூற்றுக்குப் பக்கத்தில் நின்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். காவலாளி வந்துவிட்டான்.

அடுத்த ஞாயிறு கனகவல்லியிடம் சொன்னேன். "போனாப் போவட்டும்ணே. அதான் சிடில கீறேனே. நீங்கதான சண்ட போட்டு எடம் வாங்கிக் குடுத்தீங்க" என்றாள். சண்டை போட்டது நான், இடம் வாங்கியது அவள். அதை நான் திருத்தவில்லை.

அன்று ரேவதி போனில் செய்தி சொல்லி முடித்த பிறகும் வைக்கவில்லை. அந்த விளையாட்டுக்கு ஒலி வேலை பார்த்தவன் நான் என்று சொன்னதும் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அங்கிள், அம்மாவோட வாய்ஸ் உங்ககிட்ட இருக்கா? தமிழ்ல?"

"உங்க வீட்ல ஒண்ணும் இல்லையாம்மா?"

"கேம் சிடி வீடு மாத்தினப்ப எங்கயோ போயிடிச்சு. கம்பெனில கேட்டேன். ஹிந்தி குடுத்தாங்க, மராட்டி குடுத்தாங்க, பழைய சிடி இப்ப அங்க இல்லையாம். ரொம்ப க்ளியரா இருக்கு. ஆனா அங்கிள், அம்மா வீட்ல எங்கிட்ட ஹிந்தில பேசினதே இல்ல. நான்தான் ஹிந்தில பதில் சொல்வேன். அது... அது எங்கம்மா மாதிரி இல்ல. போன் கேம்ல தமிழ் இருக்கு, அது யார் மாதிரியோ இருக்கு."

கம்பெனி அப்போது எனக்குக் கொடுத்த குறுந்தகட்டில் கீறல் விழுந்து, பாதி வழியில் நின்றுவிடுகிறது. அதைச் சொன்னேன். "தேடிப் பாக்கறேன்" என்றும் சொன்னேன். என்னிடம் வேறொன்று இருப்பதைச் சொல்லவில்லை. 'குப்பை' என்று பெயரிட்டு நான் எடுத்துவைத்தது என்னிடம் அப்படியே இருக்கிறது, சுருக்காமல், நசுக்காமல், பதிவு செய்த நாளில் இருந்தபடி. அதில் ஒரு சொல்கூட இல்லை. தமிழ்த் தயிர்க்காரியிடமிருந்து நான் வெட்டியெடுத்த மூச்சுகள் மட்டும் இருக்கின்றன. மூச்சு மட்டும் இருக்கிறது என்று ஒரு மகளிடம் போனில் எப்படிச் சொல்வது?

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அதை ஓடவிடுகிறேன். பேசப் போகிறவள் பேசுவதற்கு முன்னால் இழுக்கும் மூச்சு. அடுத்து இன்னொன்று. ஏதோ சொல்லப் போகிறாள் என்று ஒவ்வொரு முறையும் என் காது நிமிர்கிறது. தெரிந்தவன் காது இல்லாததை நிரப்பிக்கொள்ளும் என்றாளே, அது சரிதான். அந்த ஒரு விஷயத்தில் அவள் சொன்னது சரி என்று எழுத்தில் ஒப்புக்கொள்கிறேன்.

புலம்பி முடிப்பது என் வழக்கமில்லை. செய்ய வேண்டியவை இவை.

கம்பெனியை நடத்துகிறவர்கள் கைபேசியில் விற்கும் அந்தத் தமிழ்ப் பதிப்பை உடனே நிறுத்த வேண்டும். நல்ல நகல் கிடைக்கும்வரை தமிழ் இல்லை என்று நேர்மையாகப் போட்டுக்கொள்ளட்டும். மீதி மூன்று மொழி நாடாக்களின் மேல் எதையும் பதிவு செய்யக் கூடாது என்று பெட்டியின் மேலேயே எழுதி ஒட்ட வேண்டும்.

நிகில் தன் வீட்டுப் பரணைப் பார்க்க வேண்டும். குறுந்தகடு அச்சுக்குப் போகும் முன் ஒரு நகல் அவனிடம் இருந்தது, எனக்கு நினைவிருக்கிறது. காலைத் தொட்டது போதாது, ஏணி போட்டு ஏற வேண்டும்.

கட்கி, நிக்டி, எங்கே இருந்தாலும் சரி, அந்தக் கோட்டை விளையாட்டின் குறுந்தகடு வைத்திருப்பவர்கள் சங்கத்தில் கொண்டுவந்து தர வேண்டும். உறையில் தலையில் கூடையோடு ஒரு பெண் படம் இருக்கும். புடவைத் தலைப்பால் துடைக்க வேண்டாம். முக்கியமாக, வசதிக்காக எம்பி3 ஆக்கி யாரும் எனக்கு மின்னஞ்சலில் அனுப்ப வேண்டாம். அனுப்பினால் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்வீர்கள்.

சங்கத்தார் அடுத்த முறை ஒருவர் இறந்தால், நிக்டியிலும் ஒருவன் இருக்கிறான் என்று நினைவு வைத்துக்கொண்டு போன் செய்ய வேண்டும்.

ஷிந்தே வஹினி இன்னும் அதே வராந்தாவில் இருக்கிறார் என்று கேள்வி. கிடைக்கும் நகல் எதுவானாலும் முதலில் அவரிடம் ஓடவிட்டு, அவர் திருப்பிச் சொல்வதைக் கேட்க வேண்டும். டீ கொடுத்துவிட்டு.

ரேவதி எனக்கு ஞாயிற்றுக்கிழமை போன் செய்ய வேண்டும். தமிழில். தடுமாறினால் தடுமாறட்டும், நான் திருத்த மாட்டேன் என்று வாக்குத் தர முடியாது.

குறுந்தகடு வந்து சேர்ந்ததும், வெட்டிய மூச்சு ஒவ்வொன்றையும் அதன் வாக்கியத்துக்கு முன்னால் திரும்ப வைக்க வேண்டும். எந்த மூச்சு எந்த வாக்கியத்துடையது என்று வெட்டியவனுக்குத்தான் தெரியும். அன்று இடம் இல்லை, வெட்டினேன். இன்று இடத்துக்குக் குறைவில்லை. அதை நான் செய்கிறேன். வேறு யாரும் அதில் கை வைக்க வேண்டாம்.